தைராய்டு சுரப்பி

தைராய்டு சுரப்பி என்பது மனிதர்களின் முன்கழுத்தில், குரல்வளைக்குச் சற்றுக் கீழே அமைந்துள்ள நாளமில்லாச் சுரப்பி ஆகும். தமிழில் இது கேடயச் சுரப்பி என்றும் அழைக்கப்படுகிறது. உடலின் செல்கள் எவ்வளவு வேகத்தில் ஆற்றலைச் செலவிட வேண்டும் என்பதை இச்சுரப்பியின் ஹார்மோன்கள் நிர்ணயிக்கின்றன. இதயத் துடிப்பு, உடல் வெப்பம், செரிமானம், எலும்பு வளர்ச்சி, மாதவிடாய் ஒழுங்கு ஆகியவை இவற்றைச் சார்ந்துள்ளன. கருவிலும் குழந்தைப் பருவத்திலும் மூளை வளர்வதற்கும் இவை இன்றியமையாதவை.

இச்சுரப்பி சரியாக இயங்க இரண்டு தேவைகள் உள்ளன. ஒன்று, உணவின் வழியே கிடைக்கும் அயோடின். மற்றொன்று, மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் கட்டளை. தைராய்டு நோய்களில் பெரும்பாலானவற்றை எளிய இரத்தப் பரிசோதனையால் கண்டறிந்து, விலை குறைந்த மாத்திரைகளால் கட்டுப்படுத்தலாம். ஆனால் கருவிலும் பிறந்த முதல் சில வாரங்களிலும் ஏற்படும் ஹார்மோன் குறைவு கவனிக்கப்படாமல் போனால், மூளைக்கு நேரும் பாதிப்பைப் பிற்காலத்தில் எந்த மருந்தாலும் முழுமையாகச் சரிசெய்ய இயலாது.

நாளமில்லாச் சுரப்பிகள்

உமிழ்நீர்ச் சுரப்பி, வியர்வைச் சுரப்பி போன்றவை தாம் சுரக்கும் நீரைச் சிறு நாளங்கள் வழியாக உரிய இடத்தில் சேர்க்கின்றன. நாளமில்லாச் சுரப்பிகளுக்கு அத்தகைய நாளங்கள் இல்லை. அவை தம் சுரப்பை நேரடியாக இரத்தத்தில் கலக்கின்றன. இவ்வாறு இரத்தத்தில் கலந்து, தொலைவிலுள்ள உறுப்புகளின் செயலை மாற்றும் வேதிப்பொருளே ஹார்மோன் எனப்படுகிறது.

பிட்யூட்டரி, தைராய்டு, பாராதைராய்டு, கணையத்திலுள்ள லாங்கர்ஹான்ஸ் திட்டுகள், அட்ரீனல், அண்டகம், விந்தகம், பினியல் ஆகியவை மனித உடலின் முக்கிய நாளமில்லாச் சுரப்பிகளாகும். இவற்றுள் ஹார்மோன் சுரப்பை மட்டுமே தொழிலாகக் கொண்ட சுரப்பிகளில் மிகப் பெரியது தைராய்டு. தயாரித்த ஹார்மோனைப் பல வாரங்களுக்குத் தேவையான அளவு சேமித்து வைத்திருப்பது இதன் தனிச்சிறப்பு.

அமைப்பு

தைராய்டு சுரப்பி வண்ணத்துப்பூச்சி போன்ற வடிவம் கொண்டது. மூச்சுக்குழலின் இருபுறமும் இரண்டு மடல்களும், அவற்றை இணைக்கும் ஒடுங்கிய பட்டையும் உள்ளன. பெரியவர்களில் இதன் எடை சுமார் 15 முதல் 25 கிராம் வரை இருக்கும். உமிழ்நீரை விழுங்கும்போது குரல்வளையோடு சேர்ந்து தைராய்டும் மேலெழுந்து இறங்கும். அதனால்தான் கழுத்தில் வீக்கம் உள்ளவரைத் தண்ணீர் விழுங்கச் சொல்லி மருத்துவர் கவனிக்கிறார். வீக்கமும் சேர்ந்து அசைந்தால் அது தைராய்டைச் சார்ந்தது எனக் கருத இடமுண்டு.

சுரப்பியின் உட்பகுதி பல இலட்சம் நுண்ணிய பைகளால் ஆனது. இவை ஃபாலிக்கிள்கள் எனப்படுகின்றன. ஒவ்வொரு பையின் சுவரும் ஓரடுக்குச் செல்களால் ஆனது. நடுவே கூழ் போன்ற பொருள் நிறைந்திருக்கும். ஹார்மோன் சேமிக்கப்படும் இடம் இதுவே. பைகளுக்கிடையே காணப்படும் சி செல்கள் கால்சிட்டோனின் என்னும் வேறொரு ஹார்மோனைச் சுரக்கின்றன.

சுரப்பியின் பின்புறத்தில் பொதுவாக நான்கு பாராதைராய்டு சுரப்பிகள் உள்ளன. இரத்தத்தில் கால்சியத்தின் அளவைக் காப்பது இவற்றின் வேலை. குரல் நாண்களை இயக்கும் நரம்புகளும் தைராய்டை ஒட்டியே செல்கின்றன. தைராய்டு அறுவை சிகிச்சையின்போது பாராதைராய்டு சுரப்பிகளையும் இந்த நரம்புகளையும் பாதுகாப்பதில் தனிக் கவனம் செலுத்தப்படுவது இதனால்தான்.

ஹார்மோன் உருவாகும் முறை

தைராய்டு இரண்டு முக்கிய ஹார்மோன்களைச் சுரக்கிறது. நான்கு அயோடின் அணுக்களைக் கொண்ட தைராக்சின் டி4 என்றும், மூன்று அயோடின் அணுக்களைக் கொண்ட டிரைஅயோடோதைரோனின் டி3 என்றும் சுருக்கமாகக் குறிப்பிடப்படுகின்றன. மனித உடலில் அயோடினுக்கு அறியப்பட்டுள்ள முதன்மைப் பணி இவ்விரண்டையும் உருவாக்குவதே.

உணவிலுள்ள அயோடின் குடலில் உறிஞ்சப்பட்டு, அயோடைடாக இரத்தத்தில் சேர்கிறது. தைராய்டு செல்கள் அதை இரத்தத்திலிருந்து இழுத்துத் தமக்குள் செறிவாகச் சேர்த்துக்கொள்கின்றன. பின்னர் தைரோகுளோபுலின் என்னும் பெரிய புரதத்திலுள்ள டைரோசின் அமினோ அமிலங்களுடன் அயோடின் இணைக்கப்படுகிறது. அயோடின் ஏறிய டைரோசின்கள் இரண்டிரண்டாகச் சேரும்போது டி4, டி3 ஆகியவை உருவாகின்றன. உடலுக்குத் தேவைப்படும்போது செல்கள் கூழிலிருந்து இப்புரதத்தை உள்வாங்கிச் சிதைத்து, ஹார்மோனை இரத்தத்தில் விடுகின்றன.

சுரப்பி வெளியிடுவதில் பெரும்பகுதி டி4 ஆகும். ஆனால் செல்களுக்குள் தீவிரமாகச் செயல்படுவது டி3. கல்லீரல், சிறுநீரகம், மூளை முதலிய உறுப்புகளிலுள்ள நொதிகள் டி4-இலிருந்து ஓர் அயோடின் அணுவை நீக்கி டி3-ஆக மாற்றுகின்றன. உடலிலுள்ள டி3-இல் ஏறத்தாழ 80 விழுக்காடு இவ்வாறு சுரப்பிக்கு வெளியே உருவாவதே. எனவே டி4-ஐச் சேமிப்பு வடிவம் என்றும் டி3-ஐச் செயல் வடிவம் என்றும் கொள்ளலாம்.

இரத்தத்தில் டி4-இன் அரைவாழ்வுக் காலம் சுமார் 7 நாட்கள். டி3-க்குச் சுமார் 1 நாள். டி4 மெதுவாகவே குறைவதால், மருந்தின் அளவை மாற்றியபின் அதன் முழு விளைவு தெரியப் பல வாரங்கள் ஆகின்றன.

கட்டுப்பாடு

தைராய்டு தானாக முடிவெடுத்துச் சுரப்பதில்லை. மூளையிலுள்ள ஹைப்போதலாமஸ் டி.ஆர்.எச். என்னும் ஹார்மோனைச் சுரந்து பிட்யூட்டரியைத் தூண்டுகிறது. பிட்யூட்டரி, தைராய்டு தூண்டும் ஹார்மோனாகிய டி.எஸ்.எச்.-ஐச் சுரந்து தைராய்டைத் தூண்டுகிறது. தைராய்டு டி4, டி3 ஆகியவற்றை வெளியிடுகிறது. இரத்தத்தில் இவற்றின் அளவு உயர்ந்ததும் ஹைப்போதலாமஸும் பிட்யூட்டரியும் தம் தூண்டலைக் குறைத்துக்கொள்கின்றன. அளவு தாழ்ந்தால் தூண்டலைக் கூட்டுகின்றன. இது எதிர்மறைப் பின்னூட்டம் எனப்படுகிறது.

இதைப் புரிந்துகொண்டால் பலருக்கும் வரும் ஒரு குழப்பம் தீரும். டி.எஸ்.எச். அதிகம் என்று பரிசோதனை முடிவில் கண்டால், தைராய்டு அதிகமாகச் சுரக்கிறது என்று பொருளல்ல. சுரப்பு போதாததால் பிட்யூட்டரி மேலும் மேலும் தூண்டுகிறது என்பதே அதன் பொருள். டி4 சிறிதளவு குறைந்தாலே டி.எஸ்.எச். பல மடங்கு உயர்ந்துவிடும். ஆகவே தைராய்டுக் கோளாறைத் தொடக்கத்திலேயே காட்டிக்கொடுக்கும் அளவீடாக டி.எஸ்.எச். கருதப்படுகிறது.

பணிகள்

டி3 செல்லின் உட்கருவுக்குள் சென்று, அங்குள்ள ஏற்பிகளோடு இணைந்து, குறிப்பிட்ட மரபணுக்களின் செயலைக் கூட்டவோ குறைக்கவோ செய்கிறது. இதன் விளைவுகள் உடல் முழுவதும் தெரிகின்றன.

- வளர்சிதை மாற்றம்: ஆக்சிஜன் பயன்பாடும் வெப்ப உற்பத்தியும் கூடுகின்றன.
- இதயம்: துடிப்பின் வேகமும் சுருங்கும் ஆற்றலும் அதிகரிக்கின்றன.
- செரிமானம்: குடலின் அசைவு விரைவுபடுகிறது.
- கொழுப்பு: கல்லீரல் இரத்தத்திலிருந்து கொலஸ்டிராலை அகற்றும் வேகம் கூடுகிறது. தைராய்டு குறைந்தவர்களுக்குக் கொலஸ்டிரால் உயர்வது இதனால்தான்.
- வளர்ச்சி: எலும்புகள் நீளவும் முதிரவும் உதவுகிறது.
- மூளை: நரம்புச் செல்கள் உரிய இடம் சென்று சேரவும், இணைப்புகளை உருவாக்கவும், நரம்பிழைகளைச் சுற்றி மயலின் உறை அமையவும் உதவுகிறது.

வளர்ச்சியில் இந்த ஹார்மோனுக்கு உள்ள பங்கைத் தவளையின் வாழ்க்கைச் சுழற்சி தெளிவாகக் காட்டுகிறது. 1912-இல் குடர்நாட்ச் என்ற ஆய்வாளர் தலைப்பிரட்டைகளுக்குக் குதிரையின் தைராய்டு திசுவை உணவாகக் கொடுத்தார். அவை உரிய காலத்திற்கு முன்பே சிறு தவளைகளாக உருமாறின. தைராய்டு நீக்கப்பட்ட தலைப்பிரட்டைகளோ உருமாறாமல் தலைப்பிரட்டைகளாகவே வளர்ந்துகொண்டிருக்கும்.

அயோடின் பற்றாக்குறை

உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரைப்படி பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம் அயோடின் தேவை. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் 250 மைக்ரோகிராம் தேவை. ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. எழுபது ஆண்டுகள் வாழும் ஒருவருக்கு வாழ்நாள் முழுவதற்கும் சேர்த்தே ஏறக்குறைய 4 கிராம்தான், அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாகத்தான் தேவைப்படுகிறது. ஆனால் அதை ஒரே முறையில் உட்கொண்டு உடலில் சேமித்து வைக்க முடியாது. உண்ணும் அயோடினில் பெரும்பகுதி சிறுநீரில் வெளியேறிவிடுவதால் சிறிது சிறிதாக நாள்தோறும் கிடைக்க வேண்டும்.

அயோடின் நீரில் எளிதில் கரைவது. பனியும் மழையும் வெள்ளமும் மலைநிலங்களிலிருந்து அதை அரித்துக் கடலில் சேர்த்துவிட்டன. அதனால் இமயமலை, ஆல்ப்ஸ், ஆண்டீஸ் போன்ற மலைப் பகுதிகளிலும், அடிக்கடி வெள்ளம் பாயும் ஆற்றுச் சமவெளிகளிலும் மண்ணில் அயோடின் குறைவு. அம்மண்ணில் விளையும் தானியத்திலும் காய்கறியிலும் அங்கு மேயும் கால்நடைகளின் பாலிலும் அயோடின் குறைவாகவே இருக்கும். கடல்மீன், கடற்பாசி ஆகியவற்றில் அயோடின் மிகுதி. ஆனால் கடல்நீரைக் காய்ச்சி எடுக்கும் சாதாரண உப்பில் போதிய அயோடின் இருப்பதில்லை. கடற்கரையோர மக்களுக்கு அயோடின் கலந்த உப்பு தேவையில்லை என்ற எண்ணம் சரியானதன்று.

அயோடின் குறையும்போது டி4 குறைகிறது, டி.எஸ்.எச். உயர்கிறது. இந்த இடைவிடாத தூண்டலால் சுரப்பி தன் அளவைப் பெருக்கிக்கொள்கிறது. கிடைக்கும் சிறிதளவு அயோடினையும் விடாமல் பிடித்துக்கொள்ளும் முயற்சியே இது. இவ்வாறு கழுத்தில் தோன்றும் வீக்கம் முன்கழுத்துக் கழலை எனப்படுகிறது. கழலை வெளியே தெரியும் அடையாளம் மட்டுமே. கருச்சிதைவு, குழந்தை இறந்து பிறத்தல், குழந்தைகளின் கற்கும் திறன் குறைதல், காது கேளாமை, கடுமையான நிலையில் கிரெட்டினிசம் எனப்படும் மனவளர்ச்சி மற்றும் உடல் வளர்ச்சிக் குறைபாடு ஆகியவை அதைவிடப் பெரிய பாதிப்புகள். தவிர்க்கக்கூடிய மூளை வளர்ச்சிக் குறைபாட்டுக்கு உலகளவில் முக்கியக் காரணங்களில் ஒன்றாக அயோடின் பற்றாக்குறை விளங்குகிறது.

முட்டைக்கோசு, காலிஃபிளவர், மரவள்ளிக்கிழங்கு முதலியவற்றில் அயோடின் பயன்பாட்டைத் தடுக்கும் பொருட்கள் உள்ளன. எனினும் உணவில் அயோடின் போதிய அளவு இருந்தால், சமைத்த நிலையில் வழக்கமான அளவில் இவற்றை உண்பதால் பொதுவாகப் பாதிப்பு ஏற்படுவதில்லை.

அயோடின் கலந்த உப்பு

பணக்காரர், ஏழை என்ற வேறுபாடின்றி எல்லோரும் நாள்தோறும் ஏறக்குறைய ஒரே அளவில் உண்ணும் பொருள் உப்பு. ஆகவே அயோடினைக் கொண்டு சேர்க்க ஏற்ற ஊடகமாக அது தேர்ந்தெடுக்கப்பட்டது. சுவிட்சர்லாந்தில் 1922-இலும், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 1924-இலும் அயோடின் கலந்த உப்பு விற்பனைக்கு வந்தது. அதற்கு முன்பே 1917 முதல் ஒஹாயோ மாநிலத்தின் அக்ரன் நகரப் பள்ளி மாணவியருக்குச் சோடியம் அயோடைடு கொடுத்து, கழலையைத் தடுக்க முடியும் என்று டேவிட் மரீனும் ஆலிவர் கிம்பலும் காட்டியிருந்தனர்.

இந்தியாவில் இமயமலை அடிவாரத்திலுள்ள காங்க்ரா பள்ளத்தாக்கில் 1956-இல் ஓர் ஆய்வு தொடங்கப்பட்டது. மருத்துவ அறிஞர் வி. ராமலிங்கசுவாமி இதில் முன்னின்றார். பள்ளத்தாக்கு மூன்று பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, இரண்டில் அயோடின் கலந்த உப்பும் ஒன்றில் சாதாரண உப்பும் வழங்கப்பட்டன. சில ஆண்டுகளில் அயோடின் உப்பு கிடைத்த பகுதிகளின் குழந்தைகளிடையே கழலை வெகுவாகக் குறைந்தது. 1962-இல் தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கப்பட்டது. பாதிப்பு கழலையோடு நிற்பதில்லை என்பதை உணர்ந்து, 1992-இல் அதன் பெயர் தேசிய அயோடின் பற்றாக்குறை நோய்கள் கட்டுப்பாட்டுத் திட்டம் என மாற்றப்பட்டது.

அயோடின் கலக்காத உப்பை நேரடியாக உண்பதற்கென விற்பது இந்தியாவில் 2006 முதல் மீண்டும் தடைசெய்யப்பட்டுள்ளது. உற்பத்தி நிலையில் 10 இலட்சம் பங்கு உப்புக்குக் குறைந்தது 30 பங்கும், நுகர்வோர் நிலையில் 15 பங்கும் அயோடின் இருக்க வேண்டும் என்பது நெடுங்காலம் பின்பற்றப்பட்ட அளவு. ஈரப்பதத்தில் எளிதில் சிதையாத பொட்டாசியம் அயோடேட் இதற்குப் பயன்படுத்தப்படுகிறது.

இந்தியாவின் முக்கிய உப்பு உற்பத்தி மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. தூத்துக்குடி உப்பளங்கள் புகழ்பெற்றவை. ஆனாலும் அயோடின் கலந்த உப்பைப் பயன்படுத்தும் வீடுகளின் விழுக்காடு தமிழ்நாட்டில் நாட்டின் சராசரியைவிடக் குறைவாகவே இருந்துவந்துள்ளது. அயோடின் சேர்க்காத கல்லுப்பு சந்தைகளில் எளிதாகக் கிடைப்பதும், அதைப் பயன்படுத்தும் நெடுநாள் பழக்கமும் இதற்குக் காரணங்கள். கல்லுப்பு வாங்கினாலும் அயோடின் சேர்த்த உப்பா என்று உறையைப் பார்த்து வாங்கலாம். மூடிய பாத்திரத்தில், ஈரமும் வெயிலும் படாமல் வைத்திருந்தால் அயோடின் இழப்பு குறையும்.

உயர் இரத்த அழுத்தம் காரணமாக உப்பைக் குறைக்க வேண்டியவர்களுக்கும் இது தடையல்ல. நாளொன்றுக்கு 15 பங்கு அளவில் அயோடின் கலந்த உப்பு 5 கிராம் உட்கொண்டாலே ஏறக்குறைய 75 மைக்ரோகிராம் அயோடின் கிடைக்கிறது. எஞ்சியதைப் பால், முட்டை, மீன் முதலியவற்றிலிருந்து பெறலாம்.

குறைசுரப்பு

போதிய தைராய்டு ஹார்மோன் இல்லாத நிலை தைராய்டு குறைசுரப்பு எனப்படும். அயோடின் போதுமான பகுதிகளில் இதற்கு முதன்மைக் காரணம் ஹாஷிமோட்டோ நோய். 1912-இல் ஜப்பானிய மருத்துவர் ஹகாரு ஹாஷிமோட்டோ இதை விவரித்தார். உடலின் நோய் எதிர்ப்பு மண்டலம் தன் தைராய்டையே அயலானாகக் கருதித் தாக்கி, மெல்ல அழிக்கும் தன்னுடல் தாக்குநோய் இது. ஆண்களைவிடப் பெண்களிடம் பல மடங்கு அதிகமாகக் காணப்படுகிறது. தைராய்டை அறுவை சிகிச்சையில் அகற்றுதல், கதிரியக்க அயோடின் சிகிச்சை, லித்தியம், அமியோடரோன் போன்ற மருந்துகள், பிட்யூட்டரிக் கோளாறுகள் ஆகியவையும் காரணமாகலாம்.

சோர்வு, உடல் எடை கூடுதல், குளிர் தாங்காமை, மலச்சிக்கல், தோல் வறட்சி, முடி உதிர்தல், குரல் கரகரத்தல், மறதி, மனச்சோர்வு, மாதவிடாயில் அதிக இரத்தப்போக்கு, நாடித்துடிப்பு குறைதல் ஆகியவை அறிகுறிகள். இவை ஒன்றன்பின் ஒன்றாக, மாதக்கணக்கில் மெல்லத் தோன்றுவதால் வயது, வேலைப்பளு, பிரசவக் களைப்பு என்று எண்ணிக் கடந்துபோகப்படுவதுண்டு. முகமும் தோலும் உப்பிக் காணப்படும் முற்றிய நிலை மிக்சிடிமா எனப்படும்.

சிகிச்சைக்குத் தரப்படும் லெவோதைராக்சின் மாத்திரை, உடல் தானே தயாரிக்கும் டி4-ஐ ஒத்தது. இதைப் பயன்படுத்துவோர் கவனிக்க வேண்டியவை:

- காலையில் வெறும் வயிற்றில், தண்ணீருடன் உட்கொள்ள வேண்டும். காபி, தேநீர், உணவு ஆகியவற்றுக்கு 30 முதல் 60 நிமிட இடைவெளி வேண்டும்.
- இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகள் இம்மருந்து உறிஞ்சப்படுவதைத் தடுக்கும். இடையே 4 மணி நேர இடைவெளி தேவை.
- அளவை மாற்றியபின் 6 முதல் 8 வாரங்கள் கழித்து டி.எஸ்.எச். பரிசோதிக்கப்படும்.
- டி.எஸ்.எச். இயல்பு நிலைக்கு வந்துவிட்டது என்பதற்காக மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது. அந்த இயல்பு நிலை மாத்திரையால் கிடைத்தது. ஹாஷிமோட்டோ நோயில் பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் மருந்து தேவைப்படும்.

டி4 இயல்பாக இருந்து டி.எஸ்.எச். மட்டும் சற்றே உயர்ந்திருந்தால் அது மறைநிலைக் குறைசுரப்பு எனப்படும். சில மாதங்களில் மீண்டும் பரிசோதித்தால் பலருக்கு அளவு தானே இயல்புக்குத் திரும்பியிருக்கும். அதனால் வயது, கர்ப்பம், அறிகுறிகள், டி.எஸ்.எச். அளவு ஆகியவற்றைக் கருத்தில் கொண்டே மருந்து தேவையா என்று முடிவு செய்யப்படுகிறது.

கர்ப்ப காலமும் பச்சிளம் குழந்தையும்

கருவின் தைராய்டு ஏறக்குறைய 12-ஆவது வாரத்தில்தான் ஹார்மோன் தயாரிக்கத் தொடங்குகிறது. அதுவரையில் கருவின் மூளை தாயின் தைராக்சினையே நம்பியுள்ளது. பின்னரும் கருவுக்கான அயோடின் முழுவதும் தாயிடமிருந்தே வருகிறது. ஏற்கெனவே தைராக்சின் மாத்திரை உட்கொள்ளும் பெண்களுக்குக் கருவுற்றதும் மருந்தின் அளவைக் கூட்ட வேண்டியிருக்கும். ஆகவே கர்ப்பம் உறுதியானவுடன் மருத்துவரிடம் தெரிவிப்பது அவசியம். கர்ப்ப காலத்தில் மருந்து கூடாது என்று எண்ணி இம்மாத்திரையை நிறுத்துவது தாய், சேய் இருவருக்கும் தீங்கானது.

உலகளவில் ஏறக்குறைய 2,000 முதல் 4,000 பிறப்புகளுக்கு ஒரு குழந்தைக்குப் பிறவியிலேயே தைராய்டு குறைசுரப்பு உள்ளது. தைராய்டு உருவாகாமல் போவது, தவறான இடத்தில் அமைவது, ஹார்மோன் தயாரிக்கும் நொதிகளில் குறை ஆகியவை காரணங்கள். தாயின் ஹார்மோன் ஓரளவு காப்பதால் பிறந்தபோது இக்குழந்தைகளில் பெரும்பாலானோர் பார்வைக்கு இயல்பாகவே இருப்பர். நீடித்த மஞ்சள் காமாலை, பால் குடிப்பதில் ஆர்வமின்மை, அதிகத் தூக்கம், மலச்சிக்கல், தொப்புள் பிதுக்கம், பெரிய நாக்கு போன்ற அடையாளங்கள் தெளிவாகத் தெரிவதற்குள் மூளை வளர்ச்சிக்குரிய விலைமதிப்பற்ற வாரங்கள் கடந்துவிடும். அதிகம் அழாமல் தூங்கும் குழந்தை சமர்த்துக் குழந்தை என்று வீட்டாரால் பாராட்டப்படவும் கூடும்.

எனவே அறிகுறிகளுக்காகக் காத்திராமல், பிறந்த சில நாட்களுக்குள் குதிகாலில் குத்தி எடுக்கும் சில துளி இரத்தத்தில் டி.எஸ்.எச். பரிசோதிப்பதே சிறந்த வழி. 1970-களில் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் தொடங்கிய இம்முறை பின்னர் பல நாடுகளிலும் எல்லாக் குழந்தைகளுக்கும் செய்யப்படும் பரிசோதனையானது. குறை உறுதியாகி, பிறந்த 2 வாரங்களுக்குள் தைராக்சின் தொடங்கப்பட்டால் குழந்தை மற்றக் குழந்தைகளைப் போலவே அறிவு வளர்ச்சி பெற வாய்ப்பு மிக அதிகம். மாத்திரையைப் பொடித்துச் சிறிதளவு தண்ணீரிலோ தாய்ப்பாலிலோ கலந்து கொடுக்கலாம்.

மிகைசுரப்பு

ஹார்மோன் தேவைக்கு மேல் சுரக்கும் நிலை மிகைசுரப்பு ஆகும். இதற்கு முதன்மைக் காரணமான கிரேவ்ஸ் நோயை 1835-இல் அயர்லாந்து மருத்துவர் ராபர்ட் கிரேவ்ஸ் விவரித்தார். இதுவும் தன்னுடல் தாக்குநோயே. ஆனால் இங்கு உருவாகும் எதிர்ப்பொருள் சுரப்பியை அழிப்பதில்லை, டி.எஸ்.எச். இணைய வேண்டிய ஏற்பியில் தான் இணைந்து ஓயாமல் தூண்டுகிறது. பிட்யூட்டரி டி.எஸ்.எச். சுரப்பை முற்றிலும் நிறுத்தினாலும் தைராய்டு ஓய்வதில்லை. பின்னூட்டக் கட்டுப்பாடு இங்கே செயலிழக்கிறது.

நன்றாகச் சாப்பிட்டும் எடை குறைதல், படபடப்பு, கை நடுக்கம், அதிக வியர்வை, வெப்பம் தாங்காமை, தூக்கமின்மை, எரிச்சல், அடிக்கடி மலம் கழித்தல் ஆகியவை அறிகுறிகள். கிரேவ்ஸ் நோயில் சிலருக்குக் கண்கள் வெளியே பிதுங்கித் தெரியும். புகைபிடித்தல் இக்கண் பாதிப்பை மோசமாக்கும். கவனிக்காமல் விட்டால் ஒழுங்கற்ற இதயத் துடிப்பும் எலும்புத் தேய்மானமும் ஏற்படலாம்.

கார்பிமசோல், மெதிமசோல் போன்ற மருந்துகள் ஹார்மோன் உற்பத்தியைத் தடுக்கின்றன. இவற்றை உட்கொள்வோருக்கு அரிதாக இரத்த வெள்ளையணுக்கள் ஆபத்தான அளவுக்குக் குறையக்கூடும். மருந்து உட்கொள்ளும் காலத்தில் காய்ச்சலும் தொண்டைவலியும் வந்தால் மருந்தை நிறுத்திவிட்டு உடனே இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். கதிரியக்க அயோடின்-131 உட்கொள்ளச் செய்தல், அறுவை சிகிச்சை ஆகியவை மற்ற வழிகள். தைராய்டு அயோடினை மிகச் செறிவாக ஈர்க்கும் என்ற உண்மையே கதிரியக்க அயோடின் சிகிச்சையின் அடிப்படை. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டுவோருக்கும் இது தரப்படுவதில்லை.

கட்டிகளும் புற்றுநோயும்

தைராய்டில் சிறு கட்டிகள் தோன்றுவது மிகப் பொதுவானது. வயது கூடக் கூட இவை அதிகரிக்கின்றன. இவற்றில் மிகப் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. அல்ட்ராசவுண்ட் பரிசோதனையில் ஐயம் எழுந்தால் மெல்லிய ஊசியால் செல்களை உறிஞ்சியெடுத்து ஆராய்கின்றனர். தைராய்டு புற்றுநோய்களில் அதிகம் காணப்படுவது பாப்பில்லரி வகை. இது பொதுவாக மெதுவாக வளர்வது. சிகிச்சைக்கு நன்கு கட்டுப்படுவது.

அறிகுறி இல்லாத எல்லோருக்கும் அல்ட்ராசவுண்ட் செய்வது நன்மையா என்ற கேள்விக்குத் தென்கொரியாவின் அனுபவம் விடையளிக்கிறது. அங்கு அத்தகைய பரிசோதனை பரவலானபின், 1993-க்கும் 2011-க்கும் இடையே கண்டறியப்பட்ட தைராய்டு புற்றுநோய் சுமார் 15 மடங்கு உயர்ந்தது. ஆனால் அந்நோயால் இறப்போர் விகிதம் மாறவில்லை. வாழ்நாளில் தொல்லையே தந்திராத சிறு கட்டிகளுக்காகப் பலர் அறுவை சிகிச்சைக்கு உள்ளாயினர்.

இதற்கு மாறான அனுபவம் செர்னோபில். 1986 ஏப்ரலில் நடந்த அணு உலை விபத்தில் வெளியான அயோடின்-131 புல்லில் படிந்து, பசும்பால் வழியாகக் குழந்தைகளின் தைராய்டில் சேர்ந்தது. அடுத்த ஆண்டுகளில் பெலாரஸ், உக்ரைன், ரஷ்யா ஆகியவற்றின் பாதிக்கப்பட்ட பகுதிகளில் குழந்தைகளிடையே தைராய்டு புற்றுநோய் பெருகியது. போலந்து அரசு விபத்து தெரிந்தவுடன் ஒரு கோடிக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குச் சாதாரண அயோடின் வழங்கியது. சுரப்பி முன்னரே அயோடினால் நிறைந்துவிட்டால் கதிரியக்க அயோடினுக்கு அதில் இடம் குறையும்.

பரிசோதனை முடிவுகளைப் புரிந்துகொள்ளுதல்

பெரியவர்களுக்கு டி.எஸ்.எச். பொதுவாக லிட்டருக்கு 0.4 முதல் 4.0 மில்லி அலகுகள் வரை இருக்கும். ஆய்வகத்துக்கு ஆய்வகம் இவ்வரம்பு சற்று மாறும். கர்ப்பிணிகளுக்கும் பச்சிளம் குழந்தைகளுக்கும் வரம்புகள் வேறு.

- டி.எஸ்.எச். அதிகம், டி4 குறைவு: தைராய்டைச் சார்ந்த குறைசுரப்பு
- டி.எஸ்.எச். அதிகம், டி4 இயல்பு: மறைநிலைக் குறைசுரப்பு
- டி.எஸ்.எச். குறைவு, டி4 அல்லது டி3 அதிகம்: மிகைசுரப்பு
- டி.எஸ்.எச். குறைவு அல்லது இயல்பு, டி4 குறைவு: பிட்யூட்டரி அல்லது ஹைப்போதலாமஸ் கோளாறாக இருக்கலாம்

முடி வளர்ச்சிக்காக உட்கொள்ளும் பயோட்டின் மாத்திரைகள் சில ஆய்வக முறைகளில் தவறான முடிவுகளைத் தரும். பரிசோதனைக்கு முன் இதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

வரலாறு

ஆங்கிலேய மருத்துவர் தாமஸ் வார்ட்டன் 1656-இல் இச்சுரப்பிக்குக் கேடயம் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பெயரிட்டார். 1811-இல் பெர்னார்ட் கூர்ட்வா கடற்பாசிச் சாம்பலிலிருந்து அயோடினைக் கண்டுபிடித்தார். 1820-இல் ஜெனீவா மருத்துவர் குவாந்தே அதைக் கழலைக்கு மருந்தாகக் கொடுத்தார். ஸ்விஸ் அறுவை மருத்துவர் தியோடர் கோகர் தைராய்டு பற்றிய பணிக்காக 1909-இல் நோபல் பரிசு பெற்றார். சுரப்பியை முழுவதும் அகற்றினால் நோயாளிகள் மந்தமடைவதை அவர் பதிவு செய்தது, அதன் பணியை அறியப் பெரிதும் உதவியது. 1891-இல் ஜார்ஜ் முர்ரே ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசிவழி செலுத்தி மிக்சிடிமா நோயாளி ஒருவரைக் குணப்படுத்தினார். எட்வர்ட் கெண்டல் 1914-இல் தைராக்சினைப் பிரித்தெடுத்தார். 1927-இல் ஹாரிங்டனும் பார்ஜரும் அதை ஆய்வகத்தில் தயாரித்தனர். டி3 ஹார்மோனை 1952-இல் ஜாக் கிராஸும் ரோசலிண்ட் பிட்-ரிவர்ஸும் கண்டறிந்தனர். இரத்தத்தில் மிக நுண்ணிய அளவிலுள்ள ஹார்மோன்களை அளக்கும் கதிரியக்க முறையை உருவாக்கிய ரோசலின் யாலோ 1977-இல் நோபல் பரிசு பெற்றார். பச்சிளம் குழந்தையின் சில துளி இரத்தத்தில் தைராய்டுக் குறையைக் கண்டறிவது இம்முறையால்தான் முதலில் சாத்தியமானது.